கொதிநீர் தாங்கும் சேலை

அக்கரைக்குப் போகிற பெண் என்ன உடுத்த வேண்டும் என்பது பற்றி எங்கள் தெருவில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. சங்கரன்கோவில் ரயில் நிலையத்தைத் தாண்டி ஓரடி வைக்காதவர்கள்தான் அதில் அதிகம் பேசினார்கள். சிலோனில் சதா மழை, பட்டு நசநசத்து நாறிப்போகும் என்றார் ஒருவர். பட்டு உடுத்தாமல் போனால் தோட்டக்கூலி என்று நினைத்துக் கப்பலில் தரையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்றார் இன்னொருவர். தேயிலைக் காட்டில் அட்டை ஏறும், முழங்கால் வரை சவுக்காரத்தைப் பூசிக்கொள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. அந்த வயதில் எனக்குக் கொடுத்திருந்த வேலையே அதுதான்.

நாடு விடுதலையாகி மூன்று நான்கு வருஷம் இருக்கும். அதற்கு முன்னால் சிலோன் போவதென்றால் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினால் போதும். திடீரென்று அது வேறு நாடாகிவிட்டது. பாஸ்போர்ட் வேண்டும், படம் ஒட்ட வேண்டும், அங்கே இருப்பவர் எழுதிக் கேட்க வேண்டும் என்று ஆனது. என் பாஸ்போர்ட் வந்து பீரோவில் கிடந்தது. அதிலிருந்த படத்தில் நான் யாரையோ முறைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அந்தப் படத்தைப் பார்த்தால் அந்தப் பெண்ணிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் இருக்கத் தோன்றுகிறது.

என் கணவர் எனக்கு அத்தை மகன். தாய் தகப்பன் இல்லாமல் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்த்தார். கல்யாணம் முடிந்து ஒரு மாசம் என்னோடு இருந்தார். பிறகு போய்விட்டார். வீடு கிடைத்ததும், பாஸ்போர்ட் வந்ததும் நான் போவதாக ஏற்பாடு. ஒன்றரை வருஷம் கடிதத்திலேயே குடும்பம் நடத்தினோம். அப்பாவுக்கு எழுதுகிற கடிதத்துக்குள் எனக்கு ஒன்றைத் தனியாக மடித்து வைத்து ஒட்டியிருப்பார். தாலுகா ஆபீசில் ஊரார் மனுவையெல்லாம் பிரித்துப் பிரித்துப் பழகிய அப்பா, அந்த ஒரு கடிதத்தை மட்டும் பிரிக்காமல் என் கையில் கொடுத்துவிடுவார்.

அந்தக் கடிதங்களில் அவர் என்னைக் கிண்டல் செய்யாத பாரா கிடையாது. என் சமையல், என் குறட்டை, நான் கோபப்பட்டால் மூக்கு விடைப்பது எல்லாம் வரும். ஆடி பிறந்து நாலாம் நாள் வந்த கடிதத்தில் கிண்டல் ஒரு வரிகூட இல்லை. அதைப் படித்ததும் முதலில் என்னைப் பயமுறுத்தியது எழுதியிருந்த விஷயம் அல்ல, அந்தக் குறைதான்.

அரைப் பக்கத்துக்கும் குறைவு. எழுத்து வரியை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டே போயிருந்தது. 'வரும்போது வெள்ளைச் சேலை இரண்டு கொண்டு வா. சாயம் கூடாது, கரையும் வேண்டாம். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாலும் தாங்குகிற நல்ல பருத்தியாக இருக்கட்டும். ரவிக்கையும் அப்படியே. பட்டு வேண்டாம், நகை வேண்டாம். மாமாவிடமும் அத்தையிடமும் இதைச் சொல்லாதே, பயப்படுவார்கள். காரணத்தை நேரில் சொல்கிறேன். முடிந்த மட்டும் சீக்கிரம் வா.' அவ்வளவுதான். அதற்குக் கீழே தோட்டத்து விலாசத்துக்குப் பதிலாக, கூட வேலை பார்க்கும் நண்பருடைய விலாசத்தைக் கொடுத்திருந்தார்.

கரையில்லாத வெள்ளைச் சேலைக்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு அர்த்தம்தான். அதைத் தாலி கட்டியவரே தன் கையால் எழுதிக் கேட்கிறார். கடிதத்தை மடித்து இடுப்பில் செருகினேன். சமையல் முடிகிறவரை அது உடம்பில் சுட்டுக்கொண்டே இருந்தது.

சேலை வாங்க வேண்டுமென்றால் வீட்டில் யாருக்காவது தெரியாமல் முடியாது. அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று எழுதிவிட்டார். அதனால் ரங்கூன் மதினியிடம் போனேன். அவள் எங்களுக்குச் சொந்தமில்லை, மூன்று வீடு தள்ளி இருந்தவள். சண்டைக் காலத்தில் ரங்கூனில் குண்டு விழுந்தபோது கணவரோடு காடு மலை வழியாக நடந்தே புறப்பட்டு, பாதி வழியில் அவரை ஒரு ஆற்றங்கரையில் விட்டுவிட்டுத் தனியாக வந்து சேர்ந்தவள். அன்று முதல் வெள்ளைச் சேலைதான். தெருவில் நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் அவள் எதிரே வந்தால் ஒரு நிமிஷம் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள். அவளும் அதைப் பார்த்துவிட்டு, "நல்லாக் குடி மக்கா, வெயில் கொளுத்துது" என்பாள்.

என்ன உடுத்திக்கொண்டு போவது என்ற பேச்சில் வாய் திறக்காமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

"ஓடுததுக்குத் தோதா உடுத்து. நாடு மாறிப் போறவளுக்கு அதாம்ட்டி சேலை. நான் ரங்கூனுக்குப் போகையில கூறைப்பட்டு உடுத்திட்டுப் போனேன். திரும்பி வரையில அதைக் கிழிச்சுத்தான் அவுக காலுக்குக் கட்டுப் போட்டேன். பட்டுல கட்டு நிக்காது, தெரியுமா? வழுக்கிட்டே வரும்."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தை நான் வாசித்தேன். கொதிக்கிற தண்ணீர் என்ற இடம் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை இன்னொரு தடவ வாசி."

வாசித்தேன். கடிதத்தை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். எனக்கும் அந்த வாசனை தெரிந்துதான் இருந்தது. பினாயில் வாசனை. தபால் மூட்டையில் எதுவோ கொட்டியிருக்கும் என்று நானே எனக்குச் சொல்லி வைத்திருந்தேன். மதினி கடிதத்தை என் மடியில் வைத்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தாள்.

"என்ன மதினி?"

"ஒண்ணுமில்ல. அங்கன குளிருல்லா, வெந்நியிலதான் துவைப்பாவ போல. வேற என்ன இருக்கப் போவுது." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏட்டி, நீ ஆடி ஆவணின்னு பாக்காத. நாளைக்கே வண்டி இருந்தா நாளைக்கே ஏறு" என்றாள்.

அவளுக்குப் பொய் சொல்ல வராது. அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. எனக்கும் பாதி புரிந்தது. மீதியைப் புரிந்துகொள்ள நான் விரும்பவில்லை என்பதே உண்மை.

மறுநாள் இருவரும் நெசவுக்காரர்கள் தெருவுக்குப் போனோம். தெரிந்த நெசவுக்காரர் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். கரையில்லாத வெள்ளை வேண்டும் என்று மதினி சொன்னதும் அவர் என் கழுத்தைப் பார்த்தார். மஞ்சள் கயிறு புதிதாகத்தான் இருந்தது. பிறகு மதினியைப் பார்த்தார்.

"உங்களுக்குத்தானே தாயி?"

"எனக்கில்லாம பெறவு யாருக்கு?"

"ரெண்டுமா?"

"ஒண்ணை உடுத்திட்டு ஒண்ணைக் காயப்போட வேண்டாமா வே? கொதிக்குத தண்ணியில போட்டா தாங்குமா, அதைச் சொல்லும்."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சோத்தோட சேத்து அவிச்சாலும் என் நூலு நிக்கும். வேணும்னா அவிச்சுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

நான் கையை நீட்டினேன். அவர் என்னிடம் கொடுக்கவில்லை. என் கையைத் தாண்டி மதினியிடம் கொடுத்தார். தாலி கட்டிய பெண்ணின் கையில் அந்தச் சேலையைக் கொடுத்தால் பாவம் தனக்கு வரும் என்று நினைத்திருப்பார். தெருமுனை திரும்பும் வரை மதினிதான் சுமந்து வந்தாள். முனை திரும்பியதும் என் கையில் வைத்தாள். புதுத்துணி மொடமொடவென்று கனமாக இருந்தது. நல்ல சேலை. வேறு யாருக்காவது என்றால் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

இரண்டு நாள் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மூன்றாம் நாள் அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, கஞ்சி போக அலசிக் கொல்லையில் காயப்போடலாம் என்று எடுத்தேன். புதுச்சேலை எடுத்தால் மூலையில் மஞ்சள் வைத்துத்தான் நனைப்போம். பிறந்ததிலிருந்து கண்ட பழக்கம், கை தானாக மஞ்சள் கிண்ணத்துக்குப் போய்விட்டது. இரண்டு சேலையிலும் ஒரு மூலையில் வைத்துவிட்டு நிமிர்கிறேன், அம்மா கையில், நோய் தீரும் என்று கோயிலில் தருகிற புற்றுமண் பொட்டலத்தோடு நிற்கிறாள்.

"யாருக்குட்டி இது?"

நான் மஞ்சள் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"வெள்ளச் சேலைக்கு மஞ்ச வைக்கியே, கூறு கெட்டவளே. யாருக்குன்னு கேக்கேன்லா?"

சொல்லிவிட்டேன். கடிதத்தையும் வாசித்தேன். அம்மா துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவும் இல்லை. "அவன் வாயால எதுக்கு இப்படிக் கேக்கணும்?" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு அம்மா அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்வாள். அன்றைக்குத்தான் பழையபடி, தான் வளர்த்த பிள்ளையாக, அவன் என்றாள்.

சாயங்காலம் அப்பாவுக்கும் தெரிந்தது. அவர் கடிதத்தில் இருந்த நண்பர் விலாசத்துக்குத் தந்தி அடித்தார். நாலாம் நாள் பதில் வந்தது: நலம், அனுப்பவும். அப்பா அதை இரண்டு தடவை படித்துவிட்டு முகம் தெளிந்தார். எழுத்தில் வந்துவிட்டால் அவருக்கு அது உண்மை. "நலம்னுதான் போட்டிருக்கே, பெறவு என்ன?" என்றார். நலம் என்பவன் எதற்கு அனுப்பச் சொல்லி அவசரப்படுகிறான் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியதோ என்னவோ, சொல்லவில்லை.

ஆனால் ஆடியில் பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்புகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. ஆடியில் அழைத்து வந்து வைத்துக்கொள்வார்கள், அனுப்ப மாட்டார்கள். அதிலும் இப்படி ஒரு கடிதம் வந்த ஆடியில் அனுப்புவார்களா? அம்மா பிடிவாதமாக நின்றாள். ஆவணி பிறந்து நல்ல நாள் பார்த்துத்தான் என்றாள். ரங்கூன் மதினி ஒரு நாள் தயங்கித் தயங்கி எங்கள் வாசலுக்கு வந்து, "யக்கா, பிள்ளையச் சீக்கிரம் அனுப்பிருங்க" என்றாள். அவள் போனதும் அம்மா வாசலில் தண்ணீர் தெளித்தாள். எனக்கு அம்மாவின் கையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. உலுக்கவில்லை.

நடுவில் ஆடித்தபசு வந்தது. ஊரில் நிற்க இடமில்லை. குருவிகுளம், பனவடலிசத்திரம் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து தெருவெல்லாம் ஜனம். விளைச்சலுக்கு நேர்ந்துகொண்டு எறிந்த பருத்தியும் மிளகாய் வற்றலும் காட்சிப் பந்தலைப் பார்த்துப் பறந்தன. அம்பாள் தவமிருந்து சுவாமியைக் காண்கிற நாள். ஊர் மொத்தமும் அவளுக்காக வெயிலில் காத்து நின்றது. அக்கரையில் ஒருத்தர் எனக்காகக் காத்துக் கிடப்பது அந்தக் கூட்டத்தில் யாருக்கும் நினைவில்லை. எனக்கு அம்பாள் மேல் பொறாமையாக இருந்தது. அதை அங்கேயே நின்று மனசார அவளிடம் சொல்லவும் செய்தேன். அம்மா பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளைக்குப் பூசிவிடு என்று கூட இரண்டு பொட்டலம் புற்றுமண் வாங்கிக்கொண்டாள்.

அந்த மாசத்தில் அவரிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. ஒரே வரி. 'சேலை வாங்கிவிட்டாயா?'

வாங்கிவிட்டேன், ஆவணி பிறந்ததும் வருகிறேன் என்று எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

ஆவணி பிறந்து முதல் நல்ல நாளில் பயணம் குறித்தார்கள். தகரப் பெட்டியை நானே அடுக்கினேன். அடியில் வெள்ளைச் சேலை இரண்டு, வெள்ளை ரவிக்கை நாலு. தையல்காரர் முழங்கை வரை தைத்துக் கொடுத்திருந்தார். மேலே மற்ற துணிகள். அதற்கு மேல் கம்பளி. மதினி கொடுத்த குடை பக்கவாட்டில்.

புறப்படுகிற அன்று விடியற்காலை நான் தலைக்குக் குளித்துவிட்டு வருகிறேன். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அம்மா பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அடுக்கிய துணிகளை எல்லாம் ஒரு பக்கம் எடுத்து வைத்து, அடியிலிருந்து இரண்டு சேலைகளையும் ரவிக்கைகளையும் உருவினாள். அந்த இடத்தில் என் கூறைப்பட்டையும் அரக்குக் கண்டாங்கிச் சேலை ஒன்றையும் வைத்தாள். புற்றுமண் பொட்டலங்களைப் பட்டின் மடிப்புக்குள் செருகினாள். பிறகு நான் அடுக்கியிருந்தது போலவே அச்சாக மற்றதை எல்லாம் திரும்ப அடுக்கினாள்.

நான் பார்த்தேன். ஈரத்தலையோடு கதவுக்கு இந்தப் பக்கம் நின்று முழுதும் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. சத்தமில்லாமல் திரும்பிக் கொல்லைக்குப் போய் இன்னொரு தடவை தலையைத் துவட்டினேன். இத்தனை வருஷத்தில் வெளியூர்க்காரர்கள் எத்தனையோ பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். அம்மா எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டாள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அது பொய். அந்தச் சேலையைக் கண்டு அவளுக்கு இருந்த பயம் எனக்கும் இருந்தது. அவள் எடுத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அம்மா எனக்கு இன்னொரு அரக்குச் சேலை கட்டி, பச்சையும் சிவப்புமாகக் கை நிறைய வளையல் போட்டு, தலை கொள்ளாமல் பூ வைத்து அனுப்பினாள். ரயிலடிக்கு ரங்கூன் மதினி வரவில்லை. எதிரே வரக் கூடாது என்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டாள். அப்பா கூட வந்தார். அக்கரைக்குத் திரும்பிப் போகிற தெரிந்த குடும்பம் ஒன்றிடம், கடற்கரை ஊரான மண்டபத்தில் என்னை ஒப்படைத்தார். அங்கே முகாமில் துணிமணியை எல்லாம் வாங்கி ஆவியில் அவித்துக் கொடுத்தார்கள். தொத்து நோய் எதுவும் கடல் தாண்டக் கூடாது என்று அப்படி ஒரு விதி. என் கூறைப்பட்டு சுருங்கி முறுக்கிக்கொண்டு வந்தது. கண்டாங்கியின் சாயம் இறங்கி மற்ற துணி எல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது.

"வெள்ளைப் பருத்தியாக் கொண்டாந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது" என்றாள் துணியைக் கொடுத்த பெண். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் சிவந்த துணிகளை அள்ளிப் பெட்டிக்குள் திணித்தேன்.

அக்கரையில் மலை ரயில் நின்ற ஊரில் அவர் வரவில்லை. அவருடைய நண்பர் குடையோடு நின்றிருந்தார். என் பெட்டியை வாங்கிக்கொண்டார். தோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போகணும் தங்கச்சி" என்றார்.

மழையில் மேடேறிக்கொண்டே சொன்னார். பங்குனியிலிருந்தே இருமலில் ரத்தம். காசம் என்று உறுதியானதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே சேர்ந்திருக்கிறார். ஊருக்கு எழுதக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். தந்திக்குப் பதில்கூட அவர் சொன்னபடி நண்பர் அடித்ததுதான். வார்டுக்குள் வெளியார் யாரையும் விடுவதில்லை. ஆனால் அவரே தலைமை நர்ஸிடம் மன்றாடி ஒரு அனுமதி வாங்கியிருந்தார். மனைவி வந்தால் உள்ளேயே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை. உள்ளே உடுத்துவதெல்லாம் தினம் சாயங்காலம் கொதிக்க வைத்து எடுக்கிற வெள்ளைத் துணியாக இருக்க வேண்டும்.

"உங்களுக்கு எழுதிட்டதாச் சொன்னார். சேலை வாங்கியாச்சுன்னு நீங்க எழுதின கடுதாசியத் தலைமாட்டுலேயே வச்சிருக்கார்" என்றார் நண்பர்.

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். மழை என் மேல் பெய்துகொண்டிருந்தது.

தலைமை நர்ஸ் கடுமையான மனுஷி இல்லை. என் அரக்குச் சேலையையும் வளையலையும் பார்த்தாள், பெட்டியைத் திறக்கச் சொன்னாள், முறுக்கிக் கிடந்த பட்டைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். ஆஸ்பத்திரித் துணி நோயாளிகளுக்கே பற்றவில்லையாம். வெள்ளைச் சேலை வாங்கி வந்தால் அந்த நிமிஷமே உள்ளே விடுகிறேன் என்றாள். நண்பர் அப்போதே கீழே கடைத்தெருவுக்குப் புறப்பட்டார். அன்று பெய்த மழையில் பாதையில் மண் சரிந்து, போனவர் திரும்பி வர வழியில்லாமல் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார்.

வார்டின் வெளித்தாழ்வாரத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மூன்றாவது கட்டிலில் அவர். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு. பேசினால் இருமல் வந்துவிடும் என்று பேசவில்லை. வாடிக் கிடந்த என் தலைப்பூவைக் காட்டி, கையை விரித்து, என்ன இது கோயில் தேரா என்பது போல் செய்தார். கடிதத்தில் இல்லாத கிண்டல் அங்கே வந்தது. பிறகு தன் வெள்ளைச் சட்டையின் கையை இரண்டு விரலால் பிடித்து இழுத்துக் காட்டிப் புருவத்தைத் தூக்கினார்.

சேலை எங்கே என்று கேட்டார்.

நான் கண்ணாடியில் வாயை ஒட்டி வைத்துக் கத்தினேன். "பெட்டி பின்னால வருது அத்தான். மழையில மாட்டிக்கிட்டு. வந்துரும்."

அவர் நம்பினார். தலையை ஆட்டினார். பொறு என்பது போல் கையைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு நாள் அந்தத் தாழ்வாரத்திலேயே இருந்தேன். விழிக்கிறபோதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி, சட்டைக்கையைத் தொட்டுக் காட்டுவார். இன்னும் வரவில்லை என்று நான் கையை விரிப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பொய்யைச் சொன்னேன். பாழாய்ப்போன பட்டையும் சாயம் இறங்கிய துணியையும் கொதிக்க வைத்துத் தாருங்கள், அதையே உடுத்திக்கொள்கிறேன் என்று நர்ஸின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். சாயத்துணியைக் கொப்பரையில் போட்டால் நோயாளிகள் துணி அத்தனையும் கெட்டுப்போகும் என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். புற்றுமண் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய் அவர் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் மழை விட்டிருந்தது. நர்ஸ் தாழ்வாரத்துக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கதவை அகலத் திறந்து வைத்தாள்.

"இனி எந்தச் சேலையோட வேணும்னாலும் உள்ள வரலாம்" என்றாள்.

நண்பர் வாங்கிய சேலை அன்று மத்தியானம் வந்து சேர்ந்தது. அதைப் பிரிக்கவே இல்லை.

கொள்ளி வைத்தவரும் அந்த நண்பர்தான். அத்தானுடைய துணிமணி எல்லாவற்றையும் ஆஸ்பத்திரி விதிப்படி எரித்தார்கள். போன வழியிலேயே திரும்பி வந்தேன். சங்கரன்கோவில் ரயிலடிக்கு இந்த முறை ரங்கூன் மதினி வந்திருந்தாள். இனி அவள் எதிரே வந்தால் எனக்கு என்ன ஆகிவிடப்போகிறது? என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்தாள்.

பதினாறாம் நாள் கோடி போட்டார்கள். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் புதுச்சேலை கொண்டுவந்து போர்த்துவது. தெருப்பெண்கள் கூடத்தில் கூடியிருந்தார்கள். அம்மா தாம்பாளத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இரண்டு வெள்ளைச் சேலை. நான் குனிந்து பார்த்தேன். மேலே இருந்ததன் மூலையில் துவைத்தும் போகாத மஞ்சள், என் கட்டை விரல் அளவு. நான் அன்று கொல்லையில் வைத்தது.

பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினார்கள். "அன்னைக்கே என் மனசு சொல்லிச்சு" என்றாள் அம்மா. "அவன் வாய் தொறந்து வெள்ளச் சேல கேட்டான். கேட்டது பலிச்சுட்டே." எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்தக் கூடத்தில் அது எல்லோருக்கும் ஒரு ஆறுதலாகக்கூட இருந்தது. ரங்கூன் மதினி மட்டும் வாசற்படியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அவுக சாகுததுக்குக் கேட்ட சேலை இல்ல, அம்மா" என்றேன். "நான் பக்கத்துல இருக்கணும்னு கேட்ட சேலை. நீ எடுத்த. நான் பாத்துட்டுச் சும்மா இருந்தேன்."

அம்மா என்னை வெறித்துப் பார்த்தாள். எனக்குத் தெரியாமல் எடுத்ததாகத்தான் அதுவரை அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவள் இருந்த இருபது வருஷத்தில் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியது கிடையாது.

போர்த்த வந்தவர்களின் கையை விலக்கிவிட்டு எழுந்தேன். சேலை இரண்டையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அங்கே விருந்தாளிகள் குளிக்க வெந்நீர் போட்டிருந்த பெரிய கொப்பரை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் உள்ளே போட்டேன். கழியால் அமுக்கினேன். யாரோ பின்னால் வந்து தடுத்தார்கள், பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். மதினி குறுக்கே வந்து நின்று, "விடுங்க, அவ அவிக்கட்டும்" என்றாள்.

ஒரு நாழிகை நேரம் அவித்தேன். பிறகு எடுத்து, உதறி, கொடியில் போட்டேன். ஆவி பறந்தது. நான் வைத்த மஞ்சள் போய்விட்டிருந்தது. நூல் ஒரு இழைகூட விலகவில்லை. நெசவுக்காரர் சொன்னதில் பொய்யில்லை, நல்ல பருத்தி.